மணற்காட்டுக்குப் போன கதை

(எமது சங்கத்தின் மாதாந்த ஒன்றுகூடலில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பலரும் கேட்டுக்கொண்டதற்கு இணங்க எழுத்தில் தந்துள்ளார்.)

 

நான் மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன். ஏ.எல். வரைக்கும்தான் படித்தனான். அதுவும் 2007இல், பாதை பூட்டி, சாமானுக்கு வரிசையில் நின்ற காலத்தில் எடுத்த சோதனை. “ஊருக்குப் போட்டு வந்தனீர்தானே, அதைப்பற்றி ஒரு இருபது நிமிசம் கதையும்” என்று செயலாளர் அண்ணை சொன்னார். ஊருக்குப் போய்வந்த கதை இந்த மண்டபத்தில் எல்லாரிடமும் இருக்குது. நல்லூரில் ஐஸ்கிறீம் குடிச்சது, கசோரினா பீச்சில் குளிச்சது, மாப்பிள்ளை வீட்டாரோடு மனஸ்தாபப்பட்டது. அதுகளை விட்டுவிட்டு, நான் மண்ணைப்பற்றிக் கதைக்கப் போறன்.

மண்ணென்றால் உடனே தாயக மண், அந்த மண் இந்த மண் என்று உணர்ச்சிப்படாதேங்கோ. நான் சொல்லுறது உண்மையான மண். மணல்.

என்னுடைய வேலையே மணலோடுதான். நான் 2012இலிருந்து ஒரு இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். இங்கே கீசரை என்று சொல்லுவினம். உருக்கின இரும்பு 1,400 பாகைச் சூட்டில் வரும். அதை ஊற்றுகிற அச்சை மணலால்தான் செய்கிறது. மணலோடு பென்டனைட் என்ற களிமண்ணும் கொஞ்சத் தண்ணியும் சேர்த்துக் குழைப்போம். கையில் ஒரு பிடி பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கவேணும். உதிர்ந்தால் தண்ணி காணாது, ஒட்டினால் தண்ணி கூடிப்போச்சு. ஒரு நாளைக்கு எத்தனை தரம் அந்தப் பிடியைப் பிடிக்கிறேன் என்று கணக்கில்லை. குடத்தனையில் பிறந்தவனுக்கு சுவிஸில் கிடைத்த வேலையைப் பாருங்கோ.

2021 மாசி மாதம் 6ஆந் திகதி, ஒரு சனிக்கிழமை. வானம் செம்மஞ்சளாய்க் கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மலையில் ஸ்னோவெல்லாம் மஞ்சள்தூள் தூவின மாதிரி. சகாராப் பாலைவனத்துத் தூசி மத்தியதரைக் கடலைத் தாண்டி வந்து இங்கே விழுந்தது. நான் முதல்நாள்தான் காரைக் கழுவிவிட்டிருந்தேன். அப்ப என்ர மகனுக்கு ஏழு வயது. விரலால் கார்க் கண்ணாடியில் கோடு கீறிக்கொண்டு, “அப்பா, நீங்கள் பாலைவனம் பார்த்திருக்கிறீங்களா?” என்று கேட்டான். “பார்த்ததோ? நான் பிறந்ததே பாலைவனத்துக்குப் பக்கத்திலைதான்” என்றேன். அவன் நம்பேல்லை. சிலோனில் பச்சைத் தேயிலைத் தோட்டமும் தென்னையும் இருக்குது என்றுதான் அவன்ர புத்தகத்தில் போட்டிருந்தது.

அந்தக் கதை அங்கேயே நிற்கேல்லை. போன வருசம் வகுப்பில் ஆளுக்கு ஒரு ஃபோர்த்ராக் செய்யவேணும் என்று ரீச்சர் சொல்ல, இவன் பாலைவனத்தை எடுத்தான். அதில் மணற்காட்டையும் போடு என்றேன். போடவில்லை. “அப்பா, வருசத்துக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாய் மழை பெய்தால்தான் வூஸ்தே. யாழ்ப்பாணத்திலை 1,200 மில்லிமீற்றருக்கு மேலே பெய்யுது. உங்கட மணற்காடு வெறும் டூனே” என்றான். கணக்கென்று பார்த்தால் பெடியன் சொன்னது சரி. ஆனால் அந்த 1,200இல் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் ஒரேயடியாகக் கொட்டிவிடும். ஆடி மாதத்து மத்தியானத்தில் செருப்பில்லாமல் அந்த மணலில் பத்தடி நடந்தவனிடம் போய் இது பாலைவனம் இல்லை என்று சொல்லிப் பார்க்கட்டும்.

நான் ஏ.எல்.லில் தமிழும் புவியியலும் செய்தவன். நெய்தலும் பாலையும் படித்திருக்கிறேன். நெய்தல் கடற்கரை, அதற்கு இரங்கல். பாலைக்குப் பிரிவு. பாலைக்குத் தனியாய் நிலமில்லை, முல்லையும் குறிஞ்சியும் வறண்டால் அதுதான் பாலை என்று சிலப்பதிகாரம் காட்டுது என்று எங்கட தமிழ் வாத்தியார் படிப்பித்தார். நெய்தலும் வறண்டு பாலையாகும் சேர், வந்து பாருங்கோ என்று பின்வாங்கிலில் இருந்து நான் சொன்னேன். வெளியில் நிற்கவிட்டார்.

சரி, பயணத்துக்கு வாறன். நான் 2009இல் இங்கே வந்தவன். அகதிப் பயணப்புத்தகத்தோடு எல்லா இடமும் போகலாம், ஊரைத் தவிர. அப்பா 2019இல் காலமானபோதும் போக முடியவில்லை. கைத்தொலைபேசியில் செத்தவீடு பார்த்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதை நான் விவரிக்கத் தேவையில்லை. சிவப்புப் பாஸ்போட் கையில் கிடைத்தபிறகு, 2025 ஆடியில், பதினாறு வருசத்துக்குப் பிறகு போனேன். மனைவி, மகன், மகள், நான். அங்கே மச்சான் ஒருவர் தன்ர ஹயஸ் வானைக் கொண்டுவந்தார். மூன்று நாள் கரையோரமாய்ப் பருத்தித்துறையிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் போவதென்று திட்டம். அம்மாவும் வந்தா. புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் வாழையிலையில் கட்டிக்கொண்டு, முன்சீற்றைப் பிடித்து ஏறி இருந்துவிட்டா.

முதலில் முனை. 1916இல் கட்டின வெளிச்சவீட்டைப் பார்த்தோம், தட்டைவடை வாங்கினோம். கற்கோவளம் தாண்டி வல்லிபுரம். ஆழ்வார் கோயிலுக்குள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் சுற்றிவர மணல்தான். 1936இல் அந்த மணலுக்குள்ளிருந்துதான் எழுத்துப் பொறித்த பொன்னேடு ஒன்று எடுத்தவை, ஏறக்குறைய 1,800 வருசப் பழசு. அதைச் சொன்னவுடனே மகள் உட்கார்ந்து கிண்டத் தொடங்கிவிட்டாள். தூக்கிக்கொண்டுதான் வானுக்கு வரவேண்டியிருந்தது.

பிறகு மணற்காடு. நான் இந்த உரையை ஏற்றுக்கொண்டதே அந்த இடத்தைச் சொல்லத்தான். ஒரு பக்கம் வடமராட்சி நீரேரி, மற்றப்பக்கம் வங்கக்கடல், நடுவில் ஒடுங்கின மணற்துண்டு. சவுக்கங்காட்டைத் தாண்டி ஏறினால் வெள்ளை மணல், மேடு மேடாய். அடம்பன் கொடி ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கும். இராவணன் மீசை என்று நாங்கள் சொல்லுற முள்ளுப்புல்லு காற்றுக்கு உருண்டு ஓடும். சோளகம் அடிக்கிற காலம், கால் கணுவில் மணல் ஊசியாய்க் குத்தியது.

அங்கே பழைய புனித அந்தோனியார் கோயில் இருக்குது. கூரை இல்லை. சுவர்கள் பாதி மணலுக்குள்ளே. பக்கத்தில் கல்லறைச் சிலுவைகள், சிலதின் தலை மட்டும் தெரியுது. மகன் சும்மா சுற்றிச்சுற்றி வந்தான். “யார் இடிச்சது?” என்று கேட்டான். போர் நடந்த இடமென்று அவனுக்குத் தெரியும், அதனால் எந்தச் சுவரைக் கண்டாலும் இதே கேள்விதான். “இடிச்சதென்று ஒருத்தரும் இல்லை. காற்று மணலைக் கொண்டுவந்து மூடிப்போட்டுது” என்றேன்.

எப்படியென்று காட்டினேன். அது எனக்குத் தெரிந்த வேலைதானே. காற்று மணலை அள்ளிக்கொண்டு பறப்பதில்லை. ஒவ்வொரு மணியும் குதித்துக் குதித்து, விழுந்த இடத்தில் இன்னொன்றைக் கிளப்பிவிட்டு நகரும். காற்று வாற பக்கம் சாய்வாய் இருக்கும், மற்றப்பக்கம் செங்குத்து. ஆனால் காய்ந்த மணல் 34 பாகை அளவுக்கு மேலே நிற்காது, சரிந்துவிடும். சரியச் சரிய மேடு முழுவதும் நகரும். ஈரம் பட்டால் நிற்கும், வேர் பிடித்தால் நிற்கும். அடம்பன் கொடிக்கு அங்கே அதுதான் வேலை. எங்கட தொழிற்சாலையில் பென்டனைட் செய்கிற வேலையை அங்கே அந்தக் கொடி செய்யுது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று மேடைகளில் ஒற்றுமைக்குச் சொல்லுவினம். அந்தக் கொடி உண்மையில் எதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்குதென்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அம்மா ஒரு பள்ளமான இடத்தில் குந்தியிருந்து கையால் தோண்டினா. இரண்டு முழம் போக ஈரம், இன்னும் கொஞ்சம் போக ஊற்று. கடல் கூப்பிடு தூரத்தில் இரையுது, இந்தத் தண்ணி உப்பில்லை. மகன் வாயில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். மாரி மழையை மணல் குடித்து வைத்திருக்குது. நன்னீர் பாரம் குறைந்தது, உப்புத்தண்ணிக்கு மேலே மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே நாற்பது அடிவரைக்கும் நன்னீர் இருக்கும் என்று ஏ.எல்.லில் படித்தது. அம்மாவுக்கு அந்தக் கணக்குத் தெரியாது, எங்கே தோண்டவேணும் என்று தெரியும்.

2004 மார்கழி 26இல் எனக்குப் பதினாறு வயது. அந்தக் கரைக்கு ஓடிப்போனவர்களில் நானும் ஒருவன். என்ன தூக்கினோம் என்று பிள்ளைகளுக்கு முன்னால் நான் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லேல்லை. ஒன்று மட்டும் கண்ணால் கண்டது. உயரமான கும்பிக்குப் பின்னால் சில இடம் தப்பியிருந்தது. கும்பி தாழ்ந்த இடத்தாலை தண்ணி வாய்க்கால் மாதிரிப் புகுந்து உள்ளே போயிருந்தது. யாலவிலும் அப்படித்தான். கடல் வடிவாய்த் தெரியவேணும் என்று மணல்மேட்டை வெட்டின ஒரு விடுதி சுனாமியில் முற்றாய் அழிந்ததென்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இப்ப நான் சொல்லத் தயங்கிக்கொண்டு நிற்கிற பகுதிக்கு வரவேணும்.

எங்கட வளவுக்குப் பின்னாலும் ஒரு மணற்கும்பி இருந்தது. பெரிய கும்பி என்று சொல்லுவோம். பனை மட்டையில் இருந்து அதில் சறுக்குவோம். உச்சியில் ஏறினால் கடல் தெரியும். 1996இல் ஆமி வந்தபிறகு கரைக்குப் போவது கரைச்சல், ஆனபடியால் அந்தக் கும்பி உச்சிதான் எனக்குக் கடல். இங்கே முகாமில் இருந்த காலத்தில், நித்திரை வராத இரவுகளில் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிற இடம் அது. பிள்ளைகளுக்குப் பலதரம் சொல்லியிருக்கிறேன். மகள் சறுக்குவதற்கென்று இங்கேயிருந்து பிளாஸ்ரிக் சறுக்குத் தட்டு கொண்டுவந்தவள். நம்புங்கோ, நாற்பது பாகை வெயில் போடுகிற ஊருக்கு ஸ்னோவில் சறுக்குகிற தட்டு!

போன அன்று பின்னேரமே அவளைக் கூட்டிக்கொண்டு பின்வேலியைத் தாண்டினேன். கும்பி இல்லை. இருந்த இடத்தில் பள்ளம். பழைய ரயரின் தடங்கள், கொஞ்ச நாயுருவி, ஒரு ஓரத்தில் அடம்பன். நான் இடம் மாறி வந்திட்டேனோ என்று பனைகளை எண்ணிப் பார்த்தேன். இடம் சரி. மகள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “எங்கே அப்பா?” என்று கேட்டாள்.

அம்மா அடுப்படி வாசலில் நின்று சிரித்தா. “எங்கே தேடுறாய்? உன்ர சுவருக்குள்ளைதான் இருக்குது.”

2017இல் நான் காசு அனுப்பிக் கட்டின வீடு. மூன்று அறை, மேலே பிளாட், முன்னுக்கு இரண்டு தூண். அத்திவாரம், கல்லரிவு, பூச்சு, எல்லாத்துக்கும் அப்பா போனில் கணக்குச் சொல்லுவார். “மண்ணுக்குக் கவலையில்லையடா, பக்கத்திலையே கிடக்குது. ட்ரக்டர்க் கூலி மட்டும்தான்” என்றார். எனக்குச் சந்தோசம். ஒரு கிழமை ஓவர்டைம் மிச்சம் என்று கணக்குப் பார்த்தேன். எந்த மண், எங்கத்தை மண், பேர்மிட் இருக்குதோ என்று நான் கேட்கவில்லை. நாற்பது லோட் மண்ணென்று பிறகு மாமா சொன்னார். எங்களைப் பார்த்து அடுத்த வளவுக்காரர், அவரைப் பார்த்து கோயில் மதில், பிறகு இரவில் வாற டிப்பர்கள். நாற்பது லோட்டில் கும்பி முடியவில்லை என்று நான் வாதாடலாம். முதல் லோட் எங்களுடையது.

யாழ்ப்பாணத்தில் மண்ணுக்கு எங்கே போறது என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆறில்லாத நாடு. கீழே எல்லாம் சுண்ணாம்புக்கல்லு. போர் முடிந்து ஆயிரக்கணக்கான வீடு திரும்பக் கட்டவேண்டியிருந்தது. கரையில் கடல் நனைக்கிற மண்ணில் உப்பு, கம்பியைத் தின்றுவிடும். மழை கழுவின கும்பி மண்ணில் உப்புக் குறைவு, அதனால்தான் எல்லாருக்கும் கண் அதில். குடத்தனை, அம்பன், நாகர்கோவில் பக்கமெல்லாம் சட்டவிரோத மணல் அகழ்வென்று ஊர்ப் பேப்பரில் அடிக்கடி வரும். நானும் இங்கே கன்ரீனில் இருந்து வாசித்துவிட்டு, “கள்ளர்கள், ஊரை அழிக்கிறாங்கள்” என்று பேசியிருக்கிறேன். உலகம் முழுக்க வருசத்துக்கு 5,000 கோடி தொன் மணலும் சரளையும் பாவிக்கிறார்களாம். 2022இல் ஐ.நா. சுற்றாடல் திட்டம் ஒரு அறிக்கையில் சொன்னது. அதைத் தயாரித்தவர்கள் இருக்கிறது எங்கட ஜெனீவாவில்தான்.

அன்றைக்கு இரவு அந்தப் புது வீட்டில் எனக்கு நித்திரை வரேல்லை. சுவரில் கையை வைத்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்தநாள் நாகர்கோவில் தாண்டிப் போனோம். 1995 புரட்டாதி 22இல் குண்டு விழுந்து இருபதுக்கு மேற்பட்ட மாணவர்கள் செத்த பள்ளிக்கூடத்துக்கு முன்னால் மச்சான் வானை நிற்பாட்டினார். ஒருத்தரும் ஒன்றும் கதைக்கேல்லை. அந்தப் பகுதி பிறகு 2009 வரைக்கும் போர்முன்னரங்காய் இருந்த இடம். முகமாலைப் பக்கத்தில் மிதிவெடி எடுக்கிற வேலை நாங்கள் போனபோதும் நடந்துகொண்டுதான் இருந்தது. மகன் ஒரு யோசனை சொன்னான்: “அப்பா, மிதிவெடி இருக்கிற இடத்திலை மணல் களவெடுக்க ஏலாதுதானே?” சிரிப்பதோ அழுவதோ என்று தெரியேல்லை.

தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் கண்டோம். 2024இல் திறந்தது, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர். இரணைமடுத் தண்ணியை யாழ்ப்பாணம் கொண்டுபோக விவசாயிகள் விடேல்லை, கடைசியில் கடலுக்குப் போனார்கள். கடற்றொழிலாளருக்கும் அதில் மனத்தாங்கல் இருந்தது. அம்மா வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, “இவ்வளவு மெசினோ, ஒரு குடம் தண்ணிக்கு?” என்றா. உடுத்துறையில் சுனாமி நினைவாலயத்தில் பூ வைத்தோம். ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு. பெயரைச் சொல்லும்போதே வாய்க்குள் உப்புக் கரிக்கிற ஊர்கள். சுண்டிக்குளத்தில் நீரேரி வற்றி, விளிம்பில் வெள்ளைப் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. 1938இலேயே பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவாக்கினது. பூநாரை மாரியில்தான் வரும், நாங்கள் கண்டது இரண்டு கொக்கும் ஒரு எருமையும். மகன் அங்கே மட்டும், “இது கொஞ்சம் வூஸ்தே மாதிரித்தான் இருக்குது” என்று ஒத்துக்கொண்டான். அதற்கங்கால் கரையாலை வான் போகாது, புதைந்துவிடும். ஆகையால் சுற்றிப் பரந்தனுக்கு ஏறி ஏ35 வீதியால் முல்லைத்தீவு போனோம். வட்டுவாகல் பாலத்தில் இறங்கி நின்றோம். அதைப்பற்றி இன்னொரு நாள்.

திரும்பி வந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தார்ட் பக்கம் காரில் போனோம். அண்டர்மட் கிராமத்துக்கு மேலே மலையில் ஒரு காட்டுத்துண்டு நிற்குது. நான் பலதரம் அதாலை போயிருக்கிறேன், கவனித்ததில்லை. பெடியன் சொன்னான், பள்ளிக்கூடத்தில் படித்ததாம். அந்தக் காடுதான் கிராமத்தின் மேலே பனிச்சரிவு விழாமல் தடுக்குது. 1397இலேயே ஊரவர்கள் எழுதி வைத்துவிட்டார்களாம், ஒருத்தரும் அதில் ஒரு கொப்புக்கூட முறிக்கக்கூடாதென்று. மரமில்லாத பள்ளத்தாக்கில், குளிருக்கு விறகில்லாத சனங்கள். அவர்களுக்கும் வீடு கட்டத் தேவை இருந்திருக்கும். நான் காரை ஓரமாய் விட்டுக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். “எங்கட கும்பிக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம்” என்று மகள் சொன்னாள். அவள் அதைப் பகிடியாய்ச் சொல்லேல்லை.

இந்த மண்டபத்தில் ஊரில் வீடு கட்டினவர்கள் இருக்கிறீர்கள், கட்டிக்கொண்டிருக்கிறவர்களும் இருக்கிறீர்கள். எங்கட சங்கமும் ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குக் காசு சேர்க்குது. நான் ஒருத்தரையும் குற்றம் சொல்ல வரேல்லை, சொல்ல எனக்கு முகமும் இல்லை. ஆனால் அடுத்தமுறை போனில் கணக்குச் சொல்லும்போது, சீமெந்து எத்தனை பை, கம்பி எத்தனை அந்தர் என்று கேட்கிற நாங்கள், மண் எங்கத்தையது என்றும் கேட்கலாம். பேர்மிட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லலாம். செயற்குழு இதை யோசிக்கவேணும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாய் ஒன்று. போன கிழமை அம்மா எடுத்தா. முன்மதில் கட்டவேணுமாம். எல்லாரும் மதில் கட்டிவிட்டார்கள், எங்கட வீட்டுக்கு மட்டும் பனையோலை வேலி, வெளிநாட்டுக்காரன்ர வீடு மாதிரியே இல்லை என்று ஊர் கதைக்குதாம். பத்து லோட் மண் போதுமாம், ஆள் தயாராய் நிற்குதாம். “வேலியே நிற்கட்டும் அம்மா” என்றேன். “ஓலைக்கு வருசா வருசம் ஆர் கூலி குடுக்கிறது? வேலி அடைக்க இப்ப ஆள் எங்கே இருக்குது?” என்று கேட்டா. அதுவும் உண்மை. காசை அனுப்புகிறேன் என்றும் சொல்லேல்லை, அனுப்பமாட்டேன் என்றும் சொல்லேல்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அம்மா திரும்ப எடுப்பா.